சீலிங்கில் அரை ஷேடு

வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் தெருவில் போகிறவர்கூட நின்று யோசனை சொல்வார். சீலிங்குக்கு என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளை அடித்துவிடு என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். எந்த வெள்ளை என்று திருப்பிக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகிப்போனது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சுற்றி வளைக்காமல் எழுது என்றும் சொன்னீர்கள். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் சீலிங்கிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. என் மனைவி சித்ரகலா ஒரு வருஷத்துக்கும் மேலாக மல்லாந்தபடியே படுத்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கழுத்தையும் அதிகம் திருப்ப முடியாது. கண் விழித்தால் சீலிங், கண் மூடும்வரை சீலிங். அப்படி இருக்கிறவள் பார்க்கிற ஒரே இடத்தில் கணவன் கொஞ்சம் அக்கறை காட்டினால் அதில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். சித்ரகலா சொல்வதை நம்பலாமா, கூடாதா? அவள் தம்பி செல்வக்குமாருக்கும் இவ்வளவு நாளும் அதே கேள்விதான். நான் இந்த ஒரு வருஷத்தில் செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்பாடு செய்ததுதான். அதை ஒளிக்கப் போவதில்லை.

என் பெயர் வெள்ளியங்கிரி. சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜாக இருக்கிறேன். பனியன் துணிக்கு எந்தச் சாயத்தை எவ்வளவு போட்டால் எந்த நிறம் வரும் என்று சோதித்துச் சொல்வது என் வேலை. சிவப்பு, பச்சையெல்லாம் யார் வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். வெள்ளைதான் ஆளைத் தின்னும். பால் வெள்ளை, முத்து வெள்ளை, மஞ்சள் அடிக்கிற வெள்ளை, நீலம் அடிக்கிற வெள்ளை என்று அதில் ஒரு குடும்பமே உண்டு. அந்தக் குடும்பம் முழுவதும் எனக்கு அத்துப்படி. பட்டறையில் என்னை வெள்ளை வெள்ளியங்கிரி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழே என்பதால் அதில் ஒரு கிண்டலும் உண்டு.

நாங்கள் சாயமேற்றிய துணி போகிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் சித்ரகலா வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொண்டு அனுப்பிய துணித்துண்டு ஒன்று அவளிடம் இருக்கும். அதற்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். நாங்கள் ஒரே தடவையில் சாயமேற்றுகிற துணி ஒரு லாட். அதில் ஒரு துண்டை, சீரான வெளிச்சம் விழுகிற லைட் பாக்ஸுக்குள் ஸ்டாண்டர்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று ஒரு வார்த்தை சொல்வாள். அவள் கண்ணுக்கு ஈடாக இன்னொரு கண்ணை நான் பார்த்ததில்லை. நிறம் அளக்கிற மெஷின் சரி என்று சொன்ன துணியை அவள் தப்பு என்பாள். மறுபடி அளந்தால் மெஷின்தான் தப்பாக இருக்கும்.

அவள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எல்லார் முன்னாலும் மரியாதையாகத்தான் சொல்வாள். "ஏனுங்க, இது அரை ஷேடு மஞ்சள் அடிக்குதுங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க." சாயங்காலம் வீட்டில் சிரித்துக்கொண்டே சோறு போடுவாள். வண்டியிலிருந்து துணியை இறக்கி ஏற்றுகிற பையன்கள், ஊட்லயும் லாட் ரிட்டர்ன் ஆகுதுங்களா அண்ணா என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். முதலில் எல்லாம் லைட் பாக்ஸ் பல்பு பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக. பிறகு அதையும் விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டிலும் எங்கள் பேச்சு பெரும்பாலும் துணியைப் பற்றித்தான்.

மங்கலம் சாலையில் நாங்கள் வீடு கட்டியபோது சுவர் நிறங்களை அவள் தேர்ந்தெடுத்தாள். சீலிங்கை என்னிடம் விடு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கடையில் கிடைக்கிற வெள்ளை எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நானே கலந்தேன். பெயிண்டில் நிறம் சேர்க்கிற ஸ்டெயினரை ஊசியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, அட்டையில் தடவிக் காயவைத்து, அவளிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஆட்களிடம் கொடுத்தேன். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அதே வெள்ளைதான். ஹால் இரண்டு மாடி உயரம். அவர்கள் அதை அடித்து முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தபோது, அட்டையில் பார்த்தது வேறு மாதிரி இருந்ததே என்று அவள் பக்கத்தில் பார்க்க ஏணியில் ஏறினாள். தரை புது டைல்ஸ். அதன்மேல் பெயிண்ட் சிந்தாமலிருக்க பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். ஏணி வழுக்கிவிட்டது. அப்போது வந்த உங்கள் ஏட்டிடம் நான் இப்படித்தான் சொன்னேன். அவரும் தாளைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, வழுக்கத்தான் செய்யும் என்றார்.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்ப நாளானது. திரும்பியதும் அவள் பேசிய முதல் பேச்சு தம்பியிடம்தான். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏணிய அவருதான் தள்ளி உட்டாரு தம்பி."

செல்வக்குமார் என்னைப் பார்த்தான். நான் அழுதேன். அது நடிப்பில்லை, உண்மையிலேயே அழுகை வந்தது. அப்போது டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தலையில் அடிபட்டவர்கள் நடக்காததையும் நடந்ததாகச் சொல்வதுண்டு, கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள் என்று சொன்னார். கவனித்துக்கொள்ளுங்கள் ஐயா, அந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. படித்தவர் ஒருவர் காட்டிக் கொடுத்தார்.

செல்வக்குமார் நல்ல பிள்ளை. என்னை மச்சான் என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்க ஆரம்பித்தான், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, மறைக்காமல் சொன்னான்.

"அக்காளுக்குப் புத்தி தெளியட்டுங்க மச்சான். தெளிஞ்சும் இதையே சொன்னாள்னா நான் ஸ்டேசனுக்குப் போயிருவேன். கோவிச்சுக்காதீங்க."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் புத்தி தெளிந்துவிட்டதா இல்லையா என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது என்று புரிந்தது. அவளுக்கோ புத்தி ஒருநாளும் கலங்கியதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே, பால்காரருக்குச் சொல்ல வேண்டியது, வாடிப்போன முருங்கைக்குத் தண்ணீர் விடுவது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள்.

அவளைப் பார்த்துக்கொள்ள முத்துப்பேச்சியை வைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவள். நல்ல பலசாலி, ஓயாத வாய். புதன்கிழமைதோறும் கலாவை வேனில் ஏற்றிப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவாள். அந்த நேரத்தில் படுக்கையறை காலியாக இருக்கும். பக்கத்து மனையில் புது வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆகவே தெருவில் பெயிண்ட் வாசம் அடிப்பது யாருக்கும் புதிதில்லை.

முதல் புதன்கிழமை அறை சீலிங்கில் மஞ்சள் பக்கம் அரை ஷேடு ஏற்றினேன். அரை ஷேடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முத்துப்பேச்சிக்குத் தெரியாது, செல்வக்குமாருக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. திருப்பூரில் தெரிகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். அவர்களில் ஒருத்தி அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் பழைய துணி போர்த்தினேன். நீளக் கம்பில் ரோலரை மாட்டி அடித்தேன். ஃபேன் மாட்டியிருக்கிற இடத்தைச் சுற்றி மட்டும் ஸ்டூல் போட்டு ஏறிச் சின்ன பிரஷ்ஷால் இழுத்தேன். தண்ணீர் பெயிண்டுதான், ஃபேனைப் போட்டுவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாசம் போகச் சாம்பிராணி போட்டேன். அவர்கள் திரும்பி வந்தபோது அறை மங்களகரமாக இருந்தது.

அவளைக் கட்டிலில் கிடத்தினார்கள். மேலே பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"ஏனுங்க, சீலிங் மஞ்சள் அடிக்குதுங்களே."

இல்லையே கலா, அதே வெள்ளைதான் என்றேன். முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அவளிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, அபிப்பிராயம் மட்டும்தான் கேட்டேன். அவள் அண்ணாந்து பார்த்து, வெள்ளையாத்தான இருக்கு அக்கா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வக்குமார் வந்தான். கலா அவனிடம் சொன்னாள், நான் இல்லாத நேரத்தில் இவர் சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்கிறார் என்று. அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள் ஐயா. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஒரு மனிதன் வெள்ளை சீலிங்குக்கு யாருக்கும் தெரியாமல் வெள்ளை அடிக்கிறான். யார் நம்புவார்? அவன் சீலிங்கைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அடுத்து இளஞ்சிவப்புப் பக்கம் அரை ஷேடு. அதற்கடுத்து மறுபடி மஞ்சள். எதை அடித்தாலும் அவள் சரியாகச் சொன்னாள். இன்னிக்குச் சிவப்படிக்குதுங்க, இன்னிக்குத் திரும்பிப் போச்சுங்க, போன வாரத்த விடத் துளி கம்மிங்க என்று ஒவ்வொன்றையும் சொன்னாள். நான் கலந்த கணக்கை ஒளிந்திருந்து பார்த்தவள்போலச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இல்லை கலா என்றேன். சாம்பிராணிக்கு அடியில் பெயிண்ட் வாசம் வருகிறது என்றும் சொன்னாள். அதையும் செல்வக்குமாரிடம் சொல்லி வைத்தேன், இப்போது இல்லாத வாசமெல்லாம் வருகிறது என்று. பக்கத்து வீட்டு ஞானாம்பாள் அக்கா பார்க்க வந்து, கட்டுனவன் மேல பழி சொல்லாத கண்ணு, மல்லாந்து படுத்து எச்சில் துப்புனா நம்ம மார்லதான் உழுகும் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். கலா அன்று வெகுநேரம் அழுதாள். நான் துடைத்துவிட்டேன்.

இதைச் சொன்னால் நீங்கள் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். ஆனாலும் சொல்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் வேன் சத்தம் கேட்டால் எனக்கு மனசு துள்ளும். கல்யாணமான புதிதில் நான் லேபில் செய்த சாம்பிளை அவளிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு நிற்பேனே, அப்படி இருந்தது. நான் செய்கிறேன், அவள் பார்க்கிறாள். பல வருஷங்களாக எங்களுக்குள் அப்படி ஒரு பேச்சு இல்லாமல் இருந்தது. அந்த மாதங்களில் நாங்கள் நெருக்கமாக இருந்தோம் என்றுதான் சொல்வேன்.

செல்வக்குமாருக்கு ஒரு சின்ன சந்தேகம் மட்டும் விடவில்லை. ஒருநாள் என்னை ஊர் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனான். ஏணியைப் பற்றிச் சத்தியம் கேட்கத்தான் அழைத்து வந்தான் என்று எனக்குத் தெரியும். கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அக்கா புருஷனிடம் அப்படிக் கேட்டுவிட முடியுமா? சந்நிதி முன்னால் கற்பூரத்தை ஏற்றி வைத்தான்.

"சீலிங்கத் தொடலீன்னு மட்டும் சத்தியம் பண்ணுங்க மச்சான். அது போதும். அதுல அக்கா சொல்றது பொய்யின்னா, ஏணி சமாச்சாரமும் பொய்தானுங்க."

கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். வீடு கட்டிய நாளிலிருந்து அந்த அறை சீலிங்கில் ஒரு பிரஷ் பட்டதில்லை என்றேன். கை சுட்டது, சாதாரணமாக எல்லோருக்கும் சுடுகிற அளவுதான். ஏணிக்காகப் பொய்ச் சத்தியம் செய்திருந்தால் மகா பாவம். பெயிண்டுக்காகச் செய்ததை அம்மன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் செல்வக்குமார் டீ வாங்கிக் கொடுத்தான். அக்கா எது சொன்னாலும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். டாக்டரிடம் சொல்லி அவளுக்கு மனசை அமைதிப்படுத்துகிற மாத்திரையும் எழுதி வாங்கினோம். சீக்கிரமே அவனை அவன் கம்பெனி ஒடிசாவில் தொடங்கிய புது யூனிட்டுக்கு அனுப்பியது. நிம்மதியாகப் போனான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் பேச்சுக்கு இனி மதிப்பில்லை. ஆனால் கை நிற்கவில்லை. அதுவரை தொடாத நீலத்தின் பக்கம் போனேன். நீலம் என் கைப் பழக்கம். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டால் வெளுப்பாகத் தெரிகிறதில்லையா, அதே சூட்சுமம்தான் எங்கள் தொழிலில் பாதி. நீலம் ஏற ஏற என் கண்ணுக்கு அது வெள்ளையாகத்தான் தெரியும். அரை ஷேடு நீலம் அடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

வேன் வந்தது. கிடத்தினார்கள். அவள் மேலே பார்த்தாள். பார்த்துவிட்டு முத்துப்பேச்சியிடம் தண்ணீர் கேட்டாள்.

சீலிங் எப்படி இருக்கிறது கலா என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெள்ளைங்க. பாஸ்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக நான் வாங்கியதே இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரையால் அவள் கண் மங்கிவிட்டதோ என்று முதலில் வருத்தப்பட்டேன். அப்படி ஒரு கண் வீணாகப் போனால் வருத்தமாக இருக்காதா? அடுத்த புதன்கிழமை இன்னும் அரை ஷேடு ஏற்றினேன். பாஸ் என்றாள். அதற்கடுத்த புதன்கிழமையும் அப்படியே.

பிறகு சந்தேகம் வந்தது. மாத்திரை அட்டை காலியாகிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவள் பார்வை முன்பைவிடத் தெளிவாக இருந்தது. முத்துப்பேச்சி ஓயாமல் பேசுகிறவள், நான் உள்ளே போனால் வாயை மூடிக்கொண்டாள். ஒருமுறை கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே கலா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. உள்ளே போனேன். இரண்டு பேரும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சமாச்சாரம் என்றேன். ஊர்க்கதை அண்ணாச்சி என்றாள் முத்துப்பேச்சி. அவள் போனை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். செல்வக்குமாருக்கு ஒரு அழைப்புகூட இல்லை. அதனால் நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒன்றுமே இல்லாதது எனக்கு இன்னும் அதிகமாகச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஹாலிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அறை வாசலுக்குக் கனத்த திரை ஒன்று வாங்கி மாட்டினேன்.

தினமும் கேட்டேன். தினமும் பாஸ். நான் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். முந்தின வாரம் அடித்த நிறத்தை ஒரு அட்டையில் தடவி வைத்திருப்பேன், புதியதை அதன் பக்கத்தில் வைத்து, அரை ஷேடுக்கு மேல் போகாமல் கலப்பேன். ஒருநாள்கூட அரை ஷேடைத் தாண்டியதில்லை. என் கண்ணுக்கு ஒவ்வொரு வாரமும் அது வெள்ளைதான். அவள் ஒரே ஒருமுறை இது சரியில்லை என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

தீபாவளி நோம்பிக்கு, வருவதாகச் சொல்லாமலேயே செல்வக்குமார் வந்து நின்றான். கையில் இனிப்புப் பெட்டி. திரையை விலக்கிக்கொண்டு அறைக்குள் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங் மச்சான், சீலிங்குக்கு எதுக்கு நீலம் அடிச்சீங்க?"

நீலமா, வெள்ளைதானே என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். அவன் திரையை முழுவதும் ஒதுக்கிவிட்டான். ஹால் சீலிங்கும் அறை சீலிங்கும் ஒரே பார்வையில் தெரிந்தன. பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஹாலில் இருந்தது வெள்ளை. அறையில் இருந்தது பள்ளிக்கூடச் சட்டை நீலம். கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடுவான்.

கலா சீலிங்கிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"போன லாட்டையே பாத்துப் பாத்து ஏத்தீட்டு வந்தீங்க. ஸ்டாண்டர்டு ஹால்ல இருக்குதுங்க. அத எட்டிப் பாக்கவே இல்ல நீங்க."

ஐயா, லேபில் சேருகிற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. போன லாட்டோடு ஒப்பிடாதே, ஸ்டாண்டர்டோடு ஒப்பிடு. போன லாட்டைப் பார்த்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், கடைசியில் வெள்ளை நீலமாகி நிற்கும். இந்தத் தப்புக்காக நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. நான் எங்கே சறுக்குவேன் என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருந்ததே, அதுதான் சுட்டது.

முத்துப்பேச்சி வாசலில் நின்று சொன்னாள். "எனக்கு எப்பவோ தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. அக்காதான் வாயத் தொறக்காத, இன்னும் ஏறட்டும்னு சொன்னாவ. தம்பி வாரவரைக்கும் ஏறட்டும்னாவ."

செல்வக்குமார் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தான். கோயிலில் நான் கற்பூரம் அடித்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதே தராசில்தான் இரண்டையும் வைத்திருந்தான், சீலிங் பொய்யென்றால் ஏணியும் பொய், சீலிங் நிஜமென்றால் ஏணியும் நிஜம்.

"இப்ப நம்புவியா தம்பி?" என்று கலா கேட்டாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்றே வேன் வைத்து அவளைச் சாமளாபுரத்துக்குத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அடுத்த நாள் உங்களிடம் வந்தான்.

இனி ஏணி. நீங்கள் இதற்காகத்தான் இவ்வளவையும் பொறுமையாகப் படித்திருப்பீர்கள்.

அவள் மேல் படியில் நின்று முகத்தை சீலிங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். என்னை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்திருந்தேன். நான் காத்துக்கொண்டிருந்தது ஃபெயில் என்ற வார்த்தைக்கு. எத்தனையோ வருஷமாக வாங்கிப் பழகிய வார்த்தை, அது எனக்கு வலிக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. குனிந்து என்னைப் பார்த்தாள். பாவம் என்பதுபோல ஒரு சிரிப்பு.

"அரை ஷேடு கம்மிதானுங்க. பரவால்ல, ஊட்டுக்குத்தானே, யாரு பாக்கப் போறாங்க? பாஸ் பண்ணிரலாம்."

என் வேலையை அவள் அதற்கு முன் ஒருநாளும் இரக்கப்பட்டுப் பாஸ் செய்ததில்லை. கையை எடுத்துவிட்டேன் என்று எழுதலாமா என யோசித்தேன். கையை எடுத்தால் ஏணி நின்றிருக்கும், உறுதியான ஏணி. தாளும் வழுக்கவில்லை. காலால் தள்ளினேன். ஒரே தள்ளில் நகரவில்லை, மறுபடியும் தள்ள வேண்டியிருந்தது. முதல் தள்ளலில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவள் விழுந்த பிறகு நான் முதலில் பார்த்தது அவளை அல்ல. நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தேன். அவள் சொன்னது சரியா என்று பார்த்தேன். சரிதான், அரை ஷேடு கம்மிதான். அதைத் தீர்மானமாகத் தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கால்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

செல்வக்குமார் வீட்டில் அவள் படுத்திருக்கிற அறை சீலிங் இன்னும் பூசாத வெறும் சிமெண்ட் என்று கேள்விப்பட்டேன். சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தால் மனசு இருண்டுபோகும். அவனிடம் சொல்லி ஏதாவது அடிக்கச் சொல்லுங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் நான் அந்தக் கடைசி நீலத்தைத்தான் சொல்வேன். அவளைச் சிக்கவைக்க வந்த நிறம், என்னைச் சிக்கவைத்த நிறம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு அது மனசாரப் பிடித்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், என் வேலையில் குறை கண்டுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை அவள்.